ஸ்காலர்ஷிப்பில் படித்த அம்பேத்கர்... லட்சக்கணக்கானோருக்கு ஸ்காலர்ஷிப் வாங்கித் தந்த கதை!

ஸ்காலர்ஷிப் பணம் அக்கவுண்ட்டில் ஏறிடுச்சா? கல்லூரி விடுதிகளில் வருஷா வருஷம் கேட்கும் கேள்வி இது. 10ஆம் வகுப்புக்குப் பிறகு படிக்கும் எஸ்.சி. மாணவர்களுக்கான 'போஸ்ட் மெட்ரிக்' உதவித்தொகைக்கு வயது 80-ஐ தாண்டிவிட்டது. சுதந்திரத்துக்கு முன்பே, 1944-ல் தொடங்கிய திட்டம் இது. அதன் பின்னால் இருந்தவர், தானே உதவித்தொகையில் படித்த அண்ணல் அம்பேத்கர்.

கோணிப்பையில் உட்கார்ந்த மாணவன்

1891 ஏப்ரல் 14-ல் மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரில் பிறந்தவர் அம்பேத்கர். அப்பா ராம்ஜி, ராணுவத்தில் சுபேதார். வீட்டில் படிப்புக்குக் குறைவில்லை. ஆனா பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார முடியாது. கோணிப்பையை விரித்துத் தனியாக உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. அப்படிப் படித்தவர்தான் 1907-ல் மெட்ரிக் தேறினார்.

மாதம் 25 ரூபாய்

அடுத்து கல்லூரி. செலவுக்கு அப்பாவிடம் வழியில்லை. அப்போது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடிந்தது.

1913-ல் அப்பா இறந்துபோனார். அதே ஆண்டு பரோடா சமஸ்தானத்தின் இன்னொரு உதவித்தொகை கிடைத்தது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க 3 ஆண்டுகளுக்கு மாதம் பதினொன்றரை பவுண்ட். நிபந்தனை: படிப்பு முடிந்ததும் 10 ஆண்டுகள் சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு கப்பல் ஏறினார்.

பணம் நின்றது, படிப்பும் நின்றது

கொலம்பியாவில் எம்.ஏ. முடித்து, 1916-ல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் உதவித்தொகை காலம் முடிந்துவிட்டது. 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். வெளிநாட்டுப் பட்டம் இருந்தும் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. அடையாளத்தை மறைத்து பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் கம்போடு ஒரு கும்பல் வந்து வெளியேறச் சொன்னது. பரோடா வேலை அத்தோடு முடிந்தது.

பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகி, சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் ஒருவர் கடன் கொடுத்தார். 1920-ல் மீண்டும் லண்டன் போய், 1923-ல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார்.

3 லட்சம் வந்தது எப்படி?

1942-ல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் பட்டியலின மக்களின் குறைகளை ஒரு மனுவாக எழுதிக் கொடுத்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசு ஆண்டுக்கு தலா 3 லட்சம் ரூபாய் தருகிறது, எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இல்லை என்பதே அவர் வாதம். குறிப்பாக அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு உதவி கேட்டார்.

அரசு இறங்கிவந்தது. ஆண்டுக்கு 3 லட்சம் ஒதுக்கப்பட்டது. சில மாணவர்கள் வெளிநாட்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். மன்னர் மனம் வைத்தால் மட்டுமே கிடைத்த உதவி, அரசு பட்ஜெட்டுக்குள் வந்தது இப்படித்தான்.

1945-ல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவிய அவர், அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த் கல்லூரியைத் தொடங்கினார். 1956 டிசம்பர் 6-ல் மறைந்தார்.

இப்போது என்ன நிலை?

திட்டம் பின்னர் பழங்குடி மாணவர்களுக்கும் விரிவானது. செலவில் பெரும்பங்கு மாநிலங்கள் தலையில் விழுந்ததால், பல இடங்களில் பணம் தாமதமானது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை விதியை மாற்றியது. மத்திய அரசு 60%, மாநிலங்கள் 40% என்பது பொதுவான பங்கீடு. 5 ஆண்டுகளுக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய். மத்திய அரசின் பங்கு மாணவர் வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போகும் என்றும் அறிவிக்கப்பட்டது.

மாதத் தொகை நின்றால் படிப்பும் நிற்கும் என்பதை லண்டனில் அனுபவித்தவர் அம்பேத்கர். அதனால் இந்தத் திட்டத்தில், எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதோடு, எந்த மாதம் கைக்கு வந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.