கைகொடுத்த உபகாரச் சம்பளம்

1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார் முத்துலட்சுமி. பெண்களை வீட்டோடு நிறுத்தி வைத்த காலம் அது. மன்னர் கல்லூரியில் சேர அவர் மனுப் போட்டதும் எதிர்ப்புக் கிளம்பியது. ஆண் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று பெற்றோர் சிலர் முறையிட்டனர்.

மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதற்குச் செவிசாய்க்கவில்லை. சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டதோடு உபகாரச் சம்பளமும் அளித்தார். வகுப்பில் ஒரே பெண். திரைக்குப் பின்னே அமர்ந்து பாடம் கேட்டார். படிப்பை மட்டும் விடவில்லை.

1912-இல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் கண்டு, சோறும் படிப்பும் சேர்த்தே கொடுத்தார். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார். 1968-இல் மறைந்தார்.

பெற்றோர்களே! பள்ளிக்குப் போகத் தயங்கும் பிள்ளைக்குப் பிரம்பு வேண்டாம். தட்டிக்கொடுங்கள், தானே போகும்.