இரயில் எண்ணைத் தேடிய இசைமேதை

சிலாங்கூரின் வடபகுதியில் பத்து ஆராங் என்றோர் ஊர் உண்டு. மலாய்மொழியில் அப்பெயருக்கு நிலக்கரி என்றே பொருள். 1915 முதல் 1960 வரை அங்கிருந்த சுரங்கங்களில் வெட்டி எடுத்த நிலக்கரியை உண்டுதான் மலாயாவின் நீராவி எஞ்சின்கள் பல ஓடின. இப்போது சுரங்கமும் இல்லை. நீராவி எஞ்சினும் இல்லை. கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகள் ஓடும் இரயிலைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமானால் ரவாங், செரண்டா, பத்தாங் காலி போன்ற ஊர்களுக்குச் செல்ல வேண்டும். அப்படிச் செல்லும்போது இரயிலைக் கண்டு கையசைக்காத பிள்ளைகள் மிகக் குறைவு.

ஆனால், வயது ஏற ஏற அந்தக் கை தானாகக் கீழே இறங்கிவிடுகிறது. இன்ன எஞ்சின் எத்தனை மணிக்கு வரும், அதன் எண் என்ன என்றெல்லாம் தெரிந்து வைத்திருக்கும் பதினைந்து வயது மாணவன் அதை வகுப்பில் சொல்லத் தயங்குவான். நண்பர்கள் சிரிப்பார்களே என்ற கூச்சம் அவனுக்கு. இரயில்மேல் அத்தகைய ஆர்வம் கொண்டிருந்த ஒருவர் உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளராகவும் இருந்தார். அவர் தம் ஆர்வத்தை யாரிடமும் மறைத்ததில்லை. அவர்தாம் செக் நாட்டைச் சேர்ந்த அந்தோனின் துவோர்ஷாக்.

துவோர்ஷாக் 1841ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், பிராகா நகருக்கு வடக்கே வில்தாவா ஆற்றங்கரையில் உள்ள நெலஹோசெவெஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை இறைச்சிக் கடையும் சத்திரமும் நடத்தியவர். ஓய்வு நேரத்தில் இசைக்கருவி வாசிப்பவர். அந்த ஊரில் சிறுவன் அந்தோனின் கண்ட முதல் பெரும் அதிசயம் இரயில்பாதைதான். பிராகாவிலிருந்து ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தை நோக்கிப் போடப்பட்ட பாதை அவர்களுடைய வீட்டிற்கு அருகிலேயே சென்றது. பாறையைக் குடைந்தார்கள்; மண்ணை மேடாக்கினார்கள்; தண்டவாளத்தைப் பதித்தார்கள். 1850இல் முதல் இரயில் வந்தபோது அவருக்கு வயது எட்டோ ஒன்பதோ. குதிரை வண்டியையும் ஆற்றுப் படகையும் மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு பிள்ளையின் முன், நெருப்பையும் புகையையும் கக்கிக்கொண்டு ஓர் இரும்பு வண்டி வந்து நின்றால் எப்படி இருந்திருக்கும்! அந்த வியப்பு அவரைவிட்டுக் கடைசிவரை அகலவில்லை.

பதினாறு வயதில் இசை கற்கப் பிராகாவுக்குச் சென்றார். அங்கு ஆர்கன் இசைப்பள்ளியில் ஈராண்டுகள் பயின்றார். பிறகு, நாடக அரங்கின் இசைக்குழுவில் வயோலா வாசிப்பவராகப் பல ஆண்டுகளைக் கழித்தார். வருமானம் சொற்பம். எழுதிய இசையை வாசிக்கவும் ஆளில்லை. 1873இல் அன்னா என்பவரை மணந்தார். பிறகு, ஏறத்தாழ ஈராண்டுக் காலத்தில் அவர்களுடைய மூன்று பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். 1875இல் ஒரு குழந்தை, 1877இல் அடுத்தடுத்த மாதங்களில் இருவர். வீடு வெறிச்சோடியது. அந்த ஆண்டின் இறுதியில்தான் துவோர்ஷாக்கின் குடும்பம் பிராகாவின் சித்னா தெருவிலுள்ள வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்து ஃபிரான்ஸ் யோசெஃப் இரயில் நிலையம் நடந்தே செல்லும் தொலைவில் இருந்தது.

அதே காலக்கட்டத்தில் ஜெர்மானிய இசைமேதை பிராம்ஸ் இவருடைய இசையைப் பார்த்து வியந்து, அதை வெளியிடும்படித் தம் பதிப்பாளரிடம் பரிந்துரைத்தார். 1878இல் வெளிவந்த ஸ்லாவ் நடனங்கள் என்னும் இசைத்தொகுப்பு துவோர்ஷாக்கின் பெயரை ஐரோப்பா முழுவதும் கொண்டு சேர்த்தது. 1884 முதல் இங்கிலாந்தும் அவரை மீண்டும் மீண்டும் அழைத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

இத்தனைப் புகழுக்கும் நடுவே அவருடைய அன்றாட வழக்கம் ஒன்று மட்டும் மாறவில்லை. நேரம் கிடைத்தபோதெல்லாம் இரயில் நிலையத்திற்குச் செல்வார். யாரையும் வழியனுப்ப அன்று. யாரையும் வரவேற்கவும் அன்று. எஞ்சினைப் பார்ப்பதற்காகவே செல்வார். எந்த விரைவு இரயில் எப்போது வரும், எதை எந்த எஞ்சின் இழுக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எஞ்சின் எண்களைக் குறித்துக்கொள்வார். இரயில் ஓட்டுநர்களிடம் வலியச் சென்று பேசுவார். எஞ்சினின் இயக்கத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். நாடறிந்த இசையமைப்பாளர் ஒருவர் கரி படிந்த ஓட்டுநரிடம் மாணவனைப்போல் கேள்வி கேட்டு நிற்பதை அக்காலத்துப் பெரிய மனிதர்கள் சிலர் விந்தையாகவே பார்த்திருப்பார்கள். அவருக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை. நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்த பெருமை தமக்குக் கிடைக்குமானால் தாம் எழுதிய சிம்ஃபனிகள் அனைத்தையும் அதற்கு ஈடாகக் கொடுத்துவிடத் தயார் என்று அவர் கூறியதாகவும் சொல்வர்.

1884இல் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்குக் குறிப்பிடுதல் வேண்டும். ஹங்கேரியின் பெஸ்ட் நகரிலிருந்து செக் நாட்டுப் பற்றாளர்களை ஏற்றிவந்த சிறப்பு இரயில் ஒன்று பிராகா நிலையத்தை வந்தடைந்தது. அந்த வேளையில் துவோர்ஷாக்கின் மனத்தில் ஒரு மெட்டு எழுந்தது. அதுவே அவருடைய ஏழாம் சிம்ஃபனியின் தொடக்க மெட்டாயிற்று. அது தமக்கு எங்கே, எந்த இரயிலின் வரவின்போது தோன்றியது என்பதை அவர் தம் கைப்பிரதியிலேயே எழுதி வைத்தார். காட்டிலோ கோவிலிலோ தோன்றியது என்றால் கேட்பவர்களுக்கு இன்னும் கம்பீரமாக இருந்திருக்கும். ஆனால், அவர் உள்ளதை உள்ளபடியே எழுதினார்.

1891இல் துவோர்ஷாக் பிராகா இசைக் கல்லூரியில் பேராசிரியரானார். வகுப்பு நேரத்தில் அவரால் நிலையத்திற்குச் செல்ல இயலவில்லை. அதற்காக அவர் எஞ்சின்களை மறந்துவிடவுமில்லை. மாணவர்களை அனுப்பத் தொடங்கினார்! வெளியூரிலிருந்து திரும்பும் மாணவர்களிடம், எந்த இரயிலில் வந்தாய், அதை இழுத்த எஞ்சின் எது என்று விசாரிப்பார். விடை தெரியாமல் விழிப்பவர்கள்மேல் அவருக்கு வருத்தம்தான். நாளடைவில் இசை பயில வந்த இளைஞர்கள் இரயில் எண்களையும் சேர்த்தே பயின்றனர்.

அம்மாணவர்களுள் யோசெஃப் சூக் என்பவர் குறிப்பிடத்தக்கவர். திறமையான வயலின் கலைஞர். பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளராக விளங்கியவர். துவோர்ஷாக்கின் மகள் ஒட்டிலியும் இவரும் ஒருவரையொருவர் விரும்பினர். ஒருநாள், குறிப்பிட்ட விரைவு இரயிலை இழுத்துவந்த எஞ்சினின் எண்ணைக் குறித்துவருமாறு துவோர்ஷாக் சூக்கை நிலையத்திற்கு அனுப்பினார். வருங்கால மாமனார் இட்ட வேலையாயிற்றே! சூக்கும் ஓடோடிச் சென்று, எண் ஒன்றைக் கவனமாக எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். துவோர்ஷாக் அதைப் பார்த்த உடனே முகம் சுளித்தார்.

சூக் செய்த பிழையைப் புரிந்துகொள்ள நீராவி எஞ்சினின் அமைப்பைச் சற்று அறிந்திருக்க வேண்டும். பெரிய நீராவி எஞ்சின் தனக்கு வேண்டிய கரி முழுவதையும் நீரையும் தன்மேலேயே சுமப்பதில்லை. அவற்றைச் சுமக்க டெண்டர் என்னும் தனி வண்டி ஒன்று எஞ்சினுக்குப் பின்னால் இணைக்கப்பட்டிருக்கும். அதற்கும் தனி எண் உண்டு. பழுதுபார்க்கும்போது ஓர் எஞ்சினின் டெண்டரைக் கழற்றி மற்றோர் எஞ்சினுக்கு மாட்டுவதும் வழக்கம். ஆகவே, டெண்டரின் எண்ணை வைத்து எஞ்சின் எதுவென்று அறுதியிட்டுக் கூற இயலாது. சூக் எழுதி வந்தது டெண்டரின் எண். துவோர்ஷாக் தம் மகளை அழைத்து, இப்படிப்பட்ட ஒருவனையா மணக்க விரும்புகிறாய் என்று கேட்டாராம். அதில் பாதி கோபம், பாதி கேலி. நல்லவேளையாக, அந்தப் பிழையால் திருமணம் நின்றுவிடவில்லை. 1898இல் சூக்குக்கும் ஒட்டிலிக்கும் திருமணம் நடந்தது.

அதற்கு முன்பே துவோர்ஷாக் கடல்கடந்து சென்று திரும்பியிருந்தார். 1892இல், நியூயார்க்கிலிருந்த தேசிய இசைக் கல்லூரியின் இயக்குநர் பொறுப்பை ஏற்க அவர் அமெரிக்கா சென்றார். ஆண்டுக்கு 15,000 டாலர் ஊதியம். அக்காலத்தில் அது மிகப்பெரிய தொகை. ஆயினும், ஆறு பிள்ளைகளுள் நால்வரை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மொழியும் புதிது, ஊரும் புதிது. அதே காலத்தில்தான் தமிழ்நாட்டின் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர் பலர் மலாயா வந்து இறங்கிக்கொண்டிருந்தனர். கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங், கோலகுபு பக்கம் இரயில்பாதை நீண்டுகொண்டிருந்ததும் அந்த ஆண்டுகளில்தான். ஊதியத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஊர் நினைப்பில் அவ்வளவு வேறுபாடு இருந்திருக்க முடியாது.

நியூயார்க்கில் அவருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. பயணச்சீட்டு இல்லாதவர்களை அங்கே நடைமேடைக்குள் விடுவதில்லை. இன்று ரவாங் நிலையத்திற்குச் சென்றாலும் அதே நிலைதான். ஆனால், பிராகாவில் எஞ்சின் அருகே நின்று பழகிய மனிதருக்கு இது பெரும் இடியாக விழுந்தது. அவருக்கு உதவியாளராக இருந்தவர் யோசெஃப் கொவாரிக் என்னும் இளைஞர். அமெரிக்காவில் பிறந்த செக் இனத்தவர். துவோர்ஷாக் தம் குறையை அவரிடம் தயங்காமல் சொன்னார். இருவரும் நகர இரயிலில் ஏறி, 155ஆம் தெருவரை சென்று, சிக்காகோவுக்கும் பாஸ்டனுக்கும் செல்லும் விரைவு இரயில்கள் கடந்து போவதைக் காத்திருந்து பார்த்தனர். போய்வரவே பாதிப் பகல் கழிந்துவிடும். கொவாரிக் வயலின் கலைஞர். இரயில் பித்தர் அல்லர். இருந்தும் அவர் உடன் சென்றார். பிற்காலத்தில் இச்செய்திகளையெல்லாம் நினைவுகூர்ந்து எழுதி வைத்தவரும் அவரே.

இவ்வளவு தூரம் அடிக்கடி செல்ல முடியவில்லை. எனவே, துவோர்ஷாக்கின் கண் துறைமுகத்தின் பக்கம் திரும்பியது. நீராவிக் கப்பலிலும் எஞ்சின்தானே இருக்கிறது! புறப்படவிருக்கும் கப்பல்களில் ஏறிப் பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதி இருந்தது. அவர் கப்பலின் மேல்தளம் முதல் அடித்தளம்வரை சுற்றிப் பார்ப்பார். கப்பல் தலைவரோடு பேசுவார். விரைவிலேயே பல கப்பல்களின் பெயர்களும் அவற்றின் தலைவர்களின் பெயர்களும் அவருக்கு அத்துப்படியாயின. ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட கப்பல் இன்று கடலில் எவ்விடத்தில் சென்றுகொண்டிருக்கும் என்று வீட்டிலிருந்தே கணக்கிடுவார். அந்தக் கணக்கில் எஞ்சின் ஆர்வம் எவ்வளவு, பிள்ளைகளின் நினைப்பு எவ்வளவு என்று பிரித்துக் கூறுவது கடினம். அக்கப்பல்களில்தான் அவருடைய கடிதங்கள் ஊருக்குச் சென்றன.

1893ஆம் ஆண்டின் கோடையில் பிள்ளைகள் நால்வரும் வந்து சேர்ந்தனர். குடும்பம் முழுவதும் இரயிலேறி, அயோவா மாநிலத்தில் செக் மக்கள் குடியேறியிருந்த ஸ்பில்வில் என்னும் சிற்றூருக்குச் சென்றது. அது கொவாரிக்கின் சொந்த ஊர். விடுமுறையை அங்கே கழிக்கலாம் என்று சொன்னவரும் அவர்தாம். அமெரிக்காவில் துவோர்ஷாக் மிகவும் மகிழ்ச்சியாக இருந்த நாள்கள் அவையே. அதே ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், புதிய உலகிலிருந்து என்னும் அவருடைய ஒன்பதாம் சிம்ஃபனி நியூயார்க்கின் கார்னெகி மண்டபத்தில் அரங்கேறியது. அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. அதன் நான்காம் பகுதியின் தொடக்கத்தில், பெரிய எஞ்சின் ஒன்று மெல்ல நகர்ந்து வேகமெடுப்பது கேட்கிறது என்று சொல்வோர் இன்றும் உள்ளனர். துவோர்ஷாக் அப்படி எண்ணித்தான் எழுதினார் என்பதற்குச் சான்றில்லை. எனினும், அவரை அறிந்தவர்களின் காதில் இரயில் ஓசை கேட்பதில் வியப்பில்லை.

1895இல் அவர் பிராகாவுக்குத் திரும்பினார். மீண்டும் அதே வீடு, அதே கல்லூரி, அதே இரயில் நிலையம். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பேரும் புகழும் உச்சத்தில் இருந்தன. நிலையத்திற்குச் செல்லும் வழக்கமும் தொடர்ந்தது.

1904ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், குளிர் இன்னும் விலகாத ஒரு நாளில், எஞ்சின்களைப் பார்க்க நிலையத்திற்குச் சென்றவருக்குச் சளி பிடித்தது என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஏற்கெனவே உடல்நலம் குன்றியிருந்த அவர் படுக்கையில் விழுந்தார். மே மாதம் முதல் நாள், தம் 62ஆம் வயதில் காலமானார். பிராகாவின் விஷெராட் குன்றிலுள்ள இடுகாட்டில் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

பிற்காலத்தில், பிராகாவுக்கும் வியன்னாவுக்கும் இடையே ஓடிய விரைவு இரயில் ஒன்றுக்கு அந்தோனின் துவோர்ஷாக் என்று பெயரிட்டனர். நெலஹோசெவெஸ் ஊரில் அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லமாகப் பேணப்படுகிறது. அவர் சிறுவனாக நின்று பார்த்த அதே பாதையில், அந்த வீட்டின் அருகே, டிரெஸ்டன் இரயில்கள் இப்போதும் ஓடுகின்றன.