மணலை மிதித்துப் பார்த்த பேராசிரியர்

பொறியியல் படிப்பவர்களுக்கு ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்றால் ‘ரெனால்ட்ஸ் எண்’ மட்டும்தான் ஞாபகம் வரும். நானும் அதைத் தேர்வுக்குப் படித்ததோடு சரி. அந்த மனிதரைப் பற்றித் தேடிப் படிக்கவைத்தது சோள மாவு. சோள மாவைக் கெட்டியாகக் கரைத்து விரலை மெதுவாக விட்டால் உள்ளே இறங்கும்; ஓங்கிக் குத்தினால் கல்லாக நிற்கும். ஏன் என்று தேடப் போய், 1885இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் வந்து நின்றேன்.

ரெனால்ட்ஸ் 1842இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தார். தந்தை பாதிரியார், பள்ளித் தலைமையாசிரியரும்கூட. மகன் முதலில் ஒரு பொறியாளரிடம் பட்டறை வேலை பழகினார். பிறகுதான் கேம்பிரிட்ஜில் கணிதம். 1868இல் மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியரானபோது வயது 25. பாடம் நடத்தினால் பின்தொடர்வது சிரமமாம். ஆனாலும் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சன் அவரிடம் படித்தவர்.

ஜெராம் பந்தாய் ரெமிஸ் பக்கம் போனால், கடல் வற்றிய நேரத்தில் இறுகிய ஈர மணலாகப் பார்த்துக் கால் வையுங்கள். பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் வெளுத்துக் காய்ந்துபோகும். மிதித்தால் தண்ணீர் வெளியேதானே வர வேண்டும்? நெருக்கமாக அடுங்கிய மணிகள் நகர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறியாக வேண்டும். அப்போது இடைவெளி பெருகும், தண்ணீர் அதற்குள் இழுபடும். இதற்கு ரெனால்ட்ஸ் ‘டைலட்டன்சி’ என்று பெயர் வைத்தார். ரப்பர் பையில் மணிகளையும் தண்ணீரையும் நிரப்பி, கண்ணாடிக் குழாய் பொருத்தி, பையை அமுக்கிக் காட்டினார். குழாயில் நீர் மேலேறாமல் கீழிறங்கியது! (அது நம் தோட்டத்து ரப்பர் அல்ல. கன்றுகள் 1877இலேயே மலாயா வந்துவிட்டாலும், புக்கிட் ரோத்தானிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் பால்மரம் வெட்ட இன்னும் காலம் இருந்தது.)

அடுத்த ஆண்டே, 1886இல், இயந்திர அச்சுகளைப் பிரித்து வைக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்துக்குச் சமன்பாடு தந்தார். மணலும் எண்ணெயும் அவருக்கு இரண்டு தனித்தனி வேலைகள். மணலை வைத்துப் பிரபஞ்சத்தையே விளக்கலாம் என்றுகூட நம்பி 1903இல் நூல் எழுதினார். அது நிலைக்கவில்லை. 1905இல் ஓய்வு பெற்றார், 1912இல் மறைந்தார்.

சோள மாவுக் கரைசலின் பாகுநிலையைக் கணிக்கப் பாடநூலில் எளிய சூத்திரம் உண்டு: தகைவு என்பது ஓட்ட வேகத்தின் n ஆம் அடுக்கு, n ஒன்றைத் தாண்டினால் கெட்டியாகும். அது நடப்பதைச் சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்வதில்லை. காரணத்தையும் சேர்த்த மாதிரியை வியார்ட், கேட்ஸ் இருவரும் 2014இல் தந்தார்கள். மெதுவாகக் கலக்கினால் மணிகளுக்கு நடுவே நீர்ப்படலம் நிற்கும், வழுக்கும். அழுத்தம் கூடினால் படலம் தோற்று மணிகள் நேராக உரசும். உரசும் மணிகள் விலகிப் போக அதிக இடம் கேட்கும், இடம் இருக்காது. அழுத்தம் ஏற ஏற உரசும் ஜோடிகளின் பங்கு கூடுகிறது, பாகுநிலை தாவுகிறது. முதல் பாதி 1886இன் எண்ணெய்ப் படலம், மறு பாதி 1885இன் மணல் என்றே எனக்குப் படுகிறது.

கரைசலில் ஒவ்வொரு தேக்கரண்டியாகத் தண்ணீர் சேர்த்துக் குத்திப் பாருங்கள், கல் எப்போது வெறும் மாவுத் தண்ணீராகிறது என்று தெரியும். முடிந்ததும் சிங்கில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.