திருமூல நாயனார்

அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவராகிய திருமூலரின் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்திற் பாடியருளினார்.

திருக்கயிலையில் நந்தியெம்பெருமானின் அருளால் எண்சித்திகளும் கைவரப்பெற்ற சிவயோகியார் ஒருவர், பொதிகைமலை அகத்திய முனிவரைக் காணத் தெற்கே புறப்பட்டார். கேதாரம், காசி, காஞ்சி, தில்லை ஆகிய தலங்களை வணங்கித் திருவாவடுதுறையை அடைந்தார். அங்கிருந்து செல்லும் வழியில், காவிரிக்கரையிலே சாத்தனூர் இடையன் மூலன் இறந்துகிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் சுற்றிநின்று கதறின.

அத்துயர் பொறாத யோகியார் தம் உடலை மறைத்துவைத்து, கூடுவிட்டுக் கூடுபாய்ந்து மூலனாக எழுந்தார். பசுக்கள் மகிழ்ந்து, மாலையில் வீடு சேர்ந்தன. ஆனால் கணவனென்று நம்பிவந்த மூலனின் மனைவிக்கோ, தமக்கு அவளோடு உறவில்லை என்றே சொல்ல நேர்ந்தது. அவர் மடத்தில் யோகத்தில் அமர்ந்தார். ஊரவர் அவரது நிலையை உணர்ந்து, அவளைத் தேற்றி அழைத்துச் சென்றனர்.

மறுநாள் தேடியபோது பழைய உடலைக் காணவில்லை. அதுவும் சிவன் செயலெனத் தெளிந்து, திருவாவடுதுறைக்கு மீண்டு அரசமரத்தின்கீழ் யோகத்தில் இருந்தார். ஆண்டுக்கொரு பாடலாக 3,000 ஆண்டுகளில் திருமந்திரத்தை அருளினார் என்பது மரபு. 9 தந்திரங்களாலான அந்நூல் 10ஆம் திருமுறையாகும்.

பெற்ற சித்தியை அவர் பிறர் வியக்கக் காட்டவில்லை; வாயில்லாச் சீவன்களின் கண்ணீரைத் துடைக்கவே பயன்படுத்தினார். அதற்காகத் தம் உடலையும் இழந்தார். ஐப்பசி அசுவினி அன்னாரின் குருபூசைத் தினம். அன்று ஒரு பசுவுக்கு ஒரு பிடி புல்லாவது கொடுப்போமாக.