ஐயத்தை ஆராய்ந்த கலைஞர்: வீணை எஸ். பாலசந்தரின் வாழ்வும் திரைப்பணியும்

முன்னுரை

போடிநாயக்கனூரில் நின்று தெற்கே நோக்கினால், ஏலமலைத் தொடர் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மதிலாக நீண்டு செல்வதைக் காணலாம். அத்தொடரில், கூடலூருக்கு மேலே, தமிழக - கேரள எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில் அமைந்துள்ளது. ஆண்டுக்கொருமுறை, சித்திரை முழுநிலவு நாளில், மக்கள் அம்மலையேறிச் சென்று வழிபட்டுத் திரும்புவர். பொற்கொல்லன் ஒருவன் கூறியதை ஆராயாது ஏற்ற அரசன் ஒருவனால் குற்றமற்ற கோவலன் உயிரிழந்தான்; நீதி கேட்ட பெண்ணின் சினத்தில் மதுரை எரிந்தது. ஆராயப்படாத ஐயம் ஒரு குடும்பத்தையும் ஒரு நகரையும் எவ்வாறு அழிக்கும் என்பதற்கு நம் மலையே நினைவுச் சின்னம் தாங்கி நிற்கிறது எனலாம்.

அதே பொருள் இன்று மாலைதோறும் தொலைக்காட்சித் தொடர் வடிவில் நம் இல்லங்களுக்குள் வருகிறது. விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியே தோட்டங்களுக்குச் சென்று, நாள் முழுதும் ஏலக்காய் பறித்துத் திரும்பும் பெண்களும், கிட்டங்கிகளில் காய் தரம் பிரித்து வீடு வந்து சேர்பவர்களும் இத்தொடர்களின் முன் அமர்கின்றனர். கணவன் மனைவியை ஐயுறுகிறான். மருமகள் ஒன்றை மறைக்கிறாள். உடன்பிறந்தார் ஒருவரையொருவர் வேவு பார்க்கின்றனர். ஐயம் தீர்ந்துவிட்டால் கதை முடிந்துவிடும். ஆதலால் அதனைத் தீராமல் வைத்திருப்பதே பல தொடர்களின் தொழிலாகிவிட்டது. இத்தகைய கதைப்பொருளைத் தமிழ்த் திரையில் முற்றிலும் வேறு வகையாகக் கையாண்டவர் ஒருவர் இருந்தார். ஐயத்தை வளர்க்காமல் அதனை ஆராய்ந்து முடித்துவைத்த அக்கலைஞரின் வாழ்வை மாணவர்க்கு அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவர்தாம் வீணை எஸ். பாலசந்தர். பிற்காலத்தில் புகழ்பெற்ற இயக்குநர் கே. பாலசந்தரோடு இவரை மாணவர் பலர் குழப்பிக் கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். இருவரும் வேறு வேறானவர்.

இளமையும் கல்வியும்

பாலசந்தர் 1927ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் சுந்தரம் ஐயர் வழக்கறிஞர், கலையார்வம் மிக்கவர். இசைவாணர்கள் வந்து செல்லும் இல்லமாக அவர்தம் மயிலாப்பூர் இல்லம் விளங்கியது. மூத்த சகோதரர் எஸ். ராஜம் பின்னாளில் ஓவியராகவும் இசைக் கலைஞராகவும் பெயர் பெற்றார். சகோதரி எஸ். ஜெயலட்சுமி திரைப்பட நடிகையானார்.

1934இல் வெளிவந்த ‘சீதா கல்யாணம்’ என்னும் படத்தில் இக்குடும்பமே நடித்தது என்பது இன்றும் வியப்புக்குரிய செய்தியாகும். ராஜம் இராமனாகவும், ஜெயலட்சுமி சீதையாகவும் தோன்றினர். ஏழு வயதினரான பாலசந்தர், இராவணன் அவையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாக நடித்தார். இசையும் திரையும் அவருக்கு ஒரே வாயிலில் அறிமுகமாயின.

கஞ்சிரா, தபலா, மிருதங்கம், ஆர்மோனியம், தில்ரூபா, சிதார் எனக் கருவி பலவற்றை அவர் பெரும்பாலும் தாமே பயின்றார். சென்னை வானொலி நிலையத்தில் கலைஞராகப் பணியாற்றிய காலத்தில் வீணையின்பால் அவர் மனம் சென்றது. அதனையும் ஆசிரியரின்றித் தாமே கற்றுத் தேர்ந்தார். பிறர் கூறியதை அப்படியே ஏற்காமல், கையால் தொட்டும் காதால் கேட்டும் சோதித்தே ஏற்கும் பழக்கம் அவர் இயல்பிலேயே அமைந்திருந்தது என்பதற்கு இத்தன்முயற்சிக் கல்வியே சான்றாகும். சதுரங்க விளையாட்டிலும் அவர் சிறுவயது முதலே ஈடுபாடு கொண்டிருந்தார்.

திரையில் எழுப்பிய வினாக்கள்

1948இல் வெளிவந்த ‘இது நிஜமா’ என்னும் படத்தில் பாலசந்தர் இரட்டை வேடத்தில் நடித்தார். அதே ஆண்டில் ‘என் கணவர்’ என்னும் படத்தை இயக்கினார். அப்போது அவருக்கு வயது 21. 1951இல் ‘கைதி’ வந்தது. 1956இல் தெலுங்கில் ‘ஏதி நிஜம்’ என்னும் படத்தை இயக்கினார். எது உண்மை என்பது அப்பெயரின் பொருள். 1962இல் ‘அவனா இவன்’ வெளிவந்தது. இப்பெயர்களுள் மூன்று வினாக்களாகவே அமைந்துள்ளமையை நாம் கருதிப் பார்க்க வேண்டும். எது உண்மை, குற்றவாளி எவன் என்று கேட்டு, அவ்வினாவுக்கு விடை காணும் வரை ஓயாத ஒரு மனத்தின் அடையாளங்கள் அவை.

அந்த நாள்

பாலசந்தரின் திரைப்பணியில் தலைசிறந்தது, ஏவி.எம். நிறுவனத்திற்காக அவர் இயக்கிய ‘அந்த நாள்’. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அது வெளியாயிற்று. சப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமான்’ 1950இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றிருந்தது. ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு கூறுவதாக அமைந்த அப்படத்தைக் கண்டு பாலசந்தர் இக்கதையை உருவாக்கினார் என்பர். வசனம் எழுதியவர் ஜாவர் சீதாராமன். துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் அவரே.

பாடலும் நடனமும் சண்டைக் காட்சியும் இன்றித் தமிழில் படமே இல்லை என்றிருந்த காலம் அது. அம்மூன்றையும் விலக்கிய முதல் தமிழ்ப் படம் ‘அந்த நாள்’. தேர்ந்த இசைக் கலைஞர் ஒருவரே பாடலில்லாப் படத்தை எடுத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பார்வையாளரின் கவனம் வழக்கிலிருந்து சிறிதும் விலகிவிடலாகாது என்பதே அவர் கருத்தாக இருந்திருக்க வேண்டும்.

1943ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை மீது சப்பானிய விமானம் குண்டு வீசிய வரலாற்று நிகழ்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு கதை தொடங்குகிறது. வானொலிப் பொறியாளன் இராஜன் தன் வீட்டில் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். ஐவர் மீது ஐயம் படர்கிறது. அண்டை வீட்டார் தம்பியைச் சுட்டுகிறார். தம்பி தன் மனைவியையே ஐயுறுகிறான். அவளோ, இராஜனோடு தொடர்பு கொண்டிருந்த நடனப் பெண்ணைக் காட்டுகிறாள். நடனப் பெண் மீண்டும் அண்டை வீட்டாரிடமே பழியைக் கொண்டு சேர்க்கிறாள். பழி ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்திற்கே வந்துவிடுகிறது. ஒவ்வொருவர் கூற்றிலும் சொத்து, கடன், பொறாமை என அவரவர் நெஞ்சில் இருந்ததே வெளிப்படுகிறது. கொலையாளி யார் என்பது மட்டும் வெளிப்படுவதில்லை. பிறரைப் பற்றி நாம் கொள்ளும் ஐயம் பெரும்பாலும் நம்மைப் பற்றிய செய்தியே என்பதை இதனினும் தெளிவாக உணர்த்துதல் அரிது.

இறுதியில் உண்மை விசாரணையால் வெளிப்படுகிறது. இராஜன் தன் கண்டுபிடிப்பைத் தாய்நாடு மதிக்கவில்லை என்னும் கசப்பால் பகைநாட்டுக்கு மறைவாகச் செய்தி அனுப்பிய துரோகி. அதனை அறிந்து அவனைத் திருத்த முயன்று இயலாது போன மனைவி உஷாவின் கைத்துப்பாக்கியே அவன் உயிரைப் பறித்தது. ஐவருள் எவர்க்கும் ஐயம் எழாத ஒருத்தியிடமே உண்மை இருந்தது. இல்லறத்தின் நடுவே கணவன் வைத்திருந்த மறைபொருள் ஒன்று இரு வாழ்வையும் அழித்த கதை இது. ‘பராசக்தி’ வெளிவந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், துரோகி வேடத்தை ஏற்று நடித்த சிவாஜி கணேசனின் துணிவும், உஷாவாக நடித்த பண்டரிபாயின் அடக்கமான நடிப்பும் இன்றும் பாராட்டப்படுகின்றன.

பாடலை எதிர்பார்த்து வந்த மக்கள் தொடக்கத்தில் ஏமாற்றமுற்றனர். ஆயினும் 1954ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் இப்படம் தகுதிச் சான்றிதழ் பெற்றது. எழுபது ஆண்டுகள் கடந்தும், தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் இதனைத் தவிர்த்து எழுதுவதில்லை.

ஐயமும் ஆராய்ச்சியும்

நம் போடியின் ஏலக்காய் வணிகர்கள் இதற்கோர் எடுத்துக்காட்டு ஆவர். மாதிரிக் காயைக் கையில் வாங்கும் வணிகர் அதன் பச்சை நிறத்தை மட்டும் கண்டு விலை கூறிவிடுவதில்லை. பருமன் பார்ப்பார், தோலை உடைத்து விதையின் கருமை பார்ப்பார், முகர்ந்து மணம் பார்ப்பார். அவர் கொள்வதும் ஐயமே. ஆனால் அது சில நொடிகளில் ஆராய்ச்சியாக மாறி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. காயை உடைத்தே பாராமல் மூட்டை முழுதும் சொத்தை என்று கடைத்தெருவில் சொல்லித் திரிபவரை எவரும் வணிகர் என மதியார். அவ்வாறே குடும்பத்திலும் கேட்டுத் தெளிவது ஒன்று. கேளாமலே தூற்றுவது மற்றொன்று.

வள்ளுவர் ஆராயாமல் ஒருவரை நம்புவதையும், ஆராய்ந்து தெளிந்தவரிடத்து மீண்டும் ஐயம் கொள்வதையும் ஒருங்கே வைத்து, இரண்டும் நீங்காத் துன்பம் தரும் என்று அறிவுறுத்துகிறார். திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம், ஐயங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகுமாறும், பிறர் குறைகளைத் துருவித் தேடாதிருக்குமாறும், புறம் பேசாதிருக்குமாறும் பணிக்கிறது. இவ்வறநெறிகளுக்கும் பாலசந்தரின் படம் உணர்த்துவதற்கும் இடையே பெரிய தொலைவு இல்லை.

பிற படங்கள்

1964இல் வெளிவந்த ‘பொம்மை’யில், தொழில் நிறுவனத் தலைவர் ஒருவரைக் கொல்ல உடனிருப்போரே பொம்மைக்குள் வெடிகுண்டு வைக்கின்றனர். அப்பொம்மை கைமாறிக் கைமாறி ஏதுமறியாதவரிடமெல்லாம் செல்கிறது. வஞ்சகத்தைத் தொடங்கியவர் அதன் போக்கைக் கட்டுப்படுத்த இயலாது என்பதே அக்கதையின் உட்பொருள். பாடகர் கே. ஜே. யேசுதாஸ் தமிழில் பாடிய முதற்படங்களுள் அதுவும் ஒன்று. அப்படத்தில் உழைத்த தொழில்நுட்பக் கலைஞர்களைத் திரையில் தோன்றச் செய்து ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தியமை பாலசந்தரின் பெருந்தன்மைக்குச் சான்று.

1970இல் வெளிவந்த ‘நடு இரவில்’ அவர் இயக்கிய இறுதிப் படம். செல்வர் ஒருவரின் சொத்தை எதிர்நோக்கித் தனித்த மாளிகையில் கூடும் உறவினர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். சொத்து நடுவே வந்தபின் உறவினர் எவரும் எவரையும் நம்ப இயலாத நிலையை அப்படம் காட்டியது.

இசை வாழ்வும் கருத்துப் போரும்

திரையுலகை விட்டு விலகிய பின் வீணையே அவர் வாழ்வாயிற்று. பல நாடுகளில் வாசித்து நம் இசையின் பெருமையை நிலைநாட்டினார். 1982இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது.

எனினும் அவர்தம் இறுதிக்காலம் அமைதியாகக் கழியவில்லை. புதிய இராகங்களைப் படைத்ததாகக் கூறப்பட்டதை மறுத்து வாதிட்டார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் பெயரால் வழங்கும் பாடல்கள் உண்மையில் அவர் இயற்றியவையா என்னும் வினாவை எழுப்பினார். அப்பாடல்கள் பலவற்றுக்கு இருபதாம் நூற்றாண்டு இசைவாணர்கள் மெட்டமைத்தனர் என்பது பலரும் ஒப்பியதே. ஆனால் மன்னரைப் பாடலாசிரியராகவே ஏற்க மறுத்த பாலசந்தரின் முடிவை அறிஞர் உலகம் ஏற்கவில்லை. கேரள அறிஞர்கள் சான்றுகளோடு மறுத்தனர். இசையுலக நட்புகள் சில இதனால் புண்பட்டன.

இதனை மறைத்து அவரைப் புகழ்வது முறையன்று என நாம் கருதுகிறோம். வினா எழுப்பியது அவர் உரிமை. சான்று கேட்டது ஆய்வு நெறி. மறுசான்று வந்தபின்னும் தளராத ஐயம் ஆராய்ச்சியின் எல்லையைக் கடந்துவிடுகிறது. தம் படத்தில் ஐவர் கூற்றையும் நடுநிலையோடு கேட்கச் செய்த கலைஞருக்கே அந்நடுநிலையைக் காப்பது கடினமாயிற்று என்றால், நம் போன்றோர் எத்துணை விழிப்போடு இருத்தல் வேண்டும்!

நிறைவு

1990ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், பிலாய் நகரில் பாலசந்தர் காலமானார். ‘அந்த நாள்’ வெளிவந்த அதே நாள். சரியாக 36 ஆண்டுகளுக்குப் பின். அப்போது அவருக்கு வயது 63.

இன்று வதந்தி நடந்து வருவதில்லை. கைப்பேசியில் பறந்து வருகிறது. மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் ஒரு மாணவியைப் பற்றி எவரோ அனுப்பும் ஒரு படம், ஒரு வரி, அவள் கல்லூரிப் படிப்பையே நிறுத்திவிடக் கூடும். தோட்ட வேலைக்குச் சென்று நேரம் கழித்துத் திரும்பும் பெண்ணின் இல்லறம் ஓர் அண்டை வீட்டுச் சொல்லால் உடைந்துவிடக் கூடும். அத்தகைய சொல் நம் காதில் விழும்போது, சொல்பவர் யார், அவர் கண்டாரா கேட்டாரா, குற்றம் சாட்டப்பட்டவரிடம் எவரேனும் கேட்டதுண்டா என்னும் மூன்று வினாக்களை மாணவர்கள் தமக்குள் எழுப்புதல் வேண்டும். விடை கிடைக்கும் வரை அச்சொல்லை அடுத்தவரிடம் கொண்டு செல்லாதிருத்தல் வேண்டும். பாலசந்தரின் படத்தை ஒருமுறை பார்த்தவர் இதனை எளிதில் மறவார். இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மிகுந்த அப்படத்தை மாணவர்கள் குடும்பத்தாரோடு அமர்ந்து காணுமாறு நாம் பரிந்துரைக்கிறோம்.