மேரி கவர் ஜோன்ஸ்

மேரி கவர் ஜோன்ஸ் (செப்டம்பர் 1, 1897 – ஜூலை 22, 1987) அமெரிக்க உளவியலாளர் ஆவார். குழந்தைகளின் அச்சத்தைப் போக்கும் முறைகளைச் சோதனை வழியே ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். இவர் நடத்தைச் சிகிச்சையின் தாய் எனப் போற்றப்படுகிறார்.

வாழ்க்கை

பென்சில்வேனியா மாநிலத்தின் ஜான்ஸ்டவுன் நகரில் பிறந்த இவர், 1919இல் வாசர் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1920இல் உளவியலாளர் ஹெரால்டு ஜோன்சை மணந்தார். 1926இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

உளவியலாளர் ஜான் வாட்சனின் ஆய்வே இவரது பணிக்குத் தூண்டுகோலாக அமைந்தது. ஆல்பர்ட் எனக் குறிக்கப்பட்ட கைக்குழந்தை வெள்ளை எலியைத் தொடும்போது பேரொலி எழுப்பி, நாளடைவில் எலியைக் கண்டாலே அஞ்சும்படி வாட்சன் செய்தார். அவ்வச்சம் நீக்கப்படாமலேயே குழந்தை மருத்துவமனையை விட்டுச் சென்றது. அச்சத்தை உண்டாக்க இயலுமெனில் நீக்கவும் இயலுமா என்பதே ஜோன்சின் ஆய்வு வினாவாயிற்று.

பீட்டர் ஆய்வு

ஆய்வு தொடங்கியபோது பீட்டர் என்னும் சிறுவனின் வயது 2 ஆண்டு 10 மாதங்கள். முயல், வெள்ளை எலி, பஞ்சு, இறகு, மென்மயிர் மேலாடை ஆகியவற்றுக்கு அவன் அஞ்சினான். முதலில் அச்சமற்ற பிற குழந்தைகள் முயலுடன் விளையாடுவதைக் காணச் செய்தனர். இடையில் செங்காய்ச்சல் காரணமாக அவன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். வீடு திரும்புகையில் பெரிய நாய் ஒன்று அவனை அச்சுறுத்தியதால் பழைய அச்சம் மீண்டது. அதன்பின் அவன் விரும்பிய உணவை உண்ணும்போது, கூண்டிலிருந்த முயல் சிறிது சிறிதாக அருகே கொண்டுவரப்பட்டது. விரைந்து நெருங்கினால் உணவின் மீதே அச்சம் தோன்றிவிடும் இடர் இம்முறையில் உண்டு. இறுதியில் முயல் தன் விரல்களைக் கொறிப்பதையும் அவன் அனுமதித்தான். பஞ்சு, மேலாடை ஆகியவற்றின் மீதான அச்சமும் மறைந்தது.

இவ்வாய்வு 1924இல் வெளியானது. அதே ஆண்டில் வெளியான மற்றொரு கட்டுரையில், குழந்தைகளிடம் தாம் சோதித்த பல வழிகளை ஒப்பிட்டார். அறிவுரை கூறல், கேலி செய்தல் ஆகியன அச்சத்தை நீக்கவில்லை. விருப்பமான உணவுடன் இணைத்தல், பிற குழந்தைகளைப் பின்பற்றச் செய்தல் ஆகிய இரண்டுமே தெளிவான பயனளித்தன.

பிற்காலமும் தாக்கமும்

1927இல் ஜோன்ஸ் கலிபோர்னியா சென்றார். 1932இல் தொடங்கிய ஓக்லாந்து வளர்ச்சி ஆய்வில் சுமார் 200 சிறுவர் சிறுமியரின் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். 1968இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஸ்டான்லி ஹால் விருது பெற்றார்.

பீட்டர் ஆய்வு வெளியானபோது பெரிய கவனம் பெறவில்லை. 1950களில் ஜோசப் வோல்ப் படிப்படியாக அச்சம் நீக்கும் முறையை உருவாக்கிய பின்னரே இதன் சிறப்பு உணரப்பட்டது. அச்சந்தரும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்தல் என்னும் இக்கருத்து, குழந்தைகளின் பதகளிப்புக் கோளாறுகளுக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் அளிக்கப்படும் இன்றைய உளவியல் சிகிச்சையின் முக்கியக் கூறாக விளங்குகிறது.