ஐடா அம்மையார்

பழனி மலைத்தொடரின் தென்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்த ஊர் கொடைக்கானல். முகில் தவழும் முகடுகளையும், பரந்த ஏரியையும், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியையும் கண்டு மகிழ மக்கள் அங்குச் செல்கின்றனர். ஆயினும், மலைமேல் அந்நகர் உருவானது இன்பச் செலவின் பொருட்டு அன்று. பளியரும் குன்னுவரும் நெடுங்காலமாக வாழ்ந்து வந்த அம்மலைகளுக்கு, மதுரைச் சமவெளியில் பணிபுரிந்த அமெரிக்கச் சமயத் தொண்டர்கள், காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் அஞ்சி வந்து சேர்ந்தனர். 1845ஆம் ஆண்டில் அவர்கள் அங்கே இரண்டு வீடுகளைக் கட்டினர். அவற்றைச் சுற்றியே நகர் வளர்ந்தது. இங்ஙனம் நோய்க்கு அஞ்சி ஏறியோர் அமைத்த ஊரில், நோய்க்கு அஞ்சாது நின்ற ஒரு பெண்மணி தம் முதுமைக் காலத்தைக் கழித்தார். அவரே ஐடா ஸ்கடர் அம்மையார்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் 1819இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்தவர். தந்தையாரும் மருத்துவரே. ஐடா சிறுமியாக இருந்தபொழுது, 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பசியால் மெலிந்து கைகளைத் தூக்கவும் வலியற்ற குழந்தைகளுக்கு அச்சிறுமி உணவு ஊட்டினாள். அக்காட்சி அவள் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது. இத்தகைய துன்பம் நிறைந்த நாட்டில் வாழ்வதே வேண்டா என அவள் எண்ணினாள். கல்வி கற்க அமெரிக்கா சென்றபொழுது, இனித் திரும்புவதில்லை என்றே முடிவு செய்திருந்தாள். அஃது இயல்பே, துன்பத்தைக் கண்டவுடன் விலகி ஓட விரும்புவது குழந்தை மனம் மட்டும் அன்று.

தாயார் நோயுற்றார் என்னும் செய்தி கேட்டு, அவருக்குத் துணையாக இருக்கும்பொருட்டு ஐடா மீண்டும் தமிழகம் வந்தார். அப்பொழுது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தனர். ஓர் இரவு அவர் விளக்கொளியில் அமர்ந்திருந்தார். வாயிலில் அந்தணர் ஒருவர் வந்து நின்றார். தம் இளம் மனைவி மகப்பேற்று வேதனையால் உயிருக்குப் போராடுகிறாள் என்றும், உடனே வந்து காக்க வேண்டும் என்றும் வேண்டினார். தாம் மருத்துவம் கற்றவர் அல்லர் என்றும், தந்தையாரை அழைத்துச் செல்லலாம் என்றும் ஐடா கூறினார். அயல் ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுதல் கூடாது என்று சொல்லி அவர் வருந்திச் சென்றார். சிறிது நேரத்தில் முகம்மதியர் ஒருவர் அதே குறையுடன் வந்தார். அவருக்குப் பின் மற்றோர் இந்துவும் வந்தார். மூவரும் பெண் மருத்துவரையே நாடினர். அவ்வூரிலோ அத்தகையார் ஒருவரும் இலர். ஐடா அன்றிரவு உறங்கவில்லை. விடியற்காலையில் சாவுப்பறை ஒலித்தது. பணியாளை அனுப்பி வினவியபொழுது, மூன்று பெண்களும் இறந்தனர் என்பது தெரிய வந்தது.

அன்றே அவர் தம் வாழ்வின் நெறியை மாற்றிக்கொண்டார். அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூரை அடைந்தார். தந்தையாரிடம் தொழில் பழகலாம் என்று எண்ணி வந்தவருக்கு, சில திங்களிலேயே தந்தையாரை இழக்கும் துயரம் நேர்ந்தது. எனினும் அவர் தளரவில்லை. வீட்டிலேயே ஒரு சிற்றறையை மருந்தகமாக்கினார். முதல் அறுவை மருத்துவத்தின்போது அவருக்கு உதவியவர் சமையற்பணியாளரின் மனைவியாகிய சலோமி என்பவரே. இரண்டே ஆண்டுகளில் 5,000 நோயாளர் அவரிடம் மருத்துவம் பெற்றனர். 1902இல் 40 படுக்கைகளுடன் ஒரு மருத்துவமனை எழுந்தது. தம் மனைவியின் நினைவாக அமெரிக்கச் செல்வர் ஷெல் என்பவர் அளித்த பொருளே அதற்கு உதவியது.

அக்காலத்தில் நாடெங்கும் கொள்ளைநோய் பரவியிருந்தது. 1894இல் ஹாங்காங்கிலும், 1896இல் பம்பாயிலும் தோன்றிய பிளேக்கு, கப்பல் வழியாகவும் இருப்புப்பாதை வழியாகவும் உலகின் பல பகுதிகளுக்குப் பரவிற்று. எலிகளின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அந்நோயைப் பரப்புகிறது என்பதை அறிஞர் கண்டிருந்தும், பொதுமக்கள் அதனை அறியார். வீட்டில் எலி செத்து விழுந்தால் அச்சத்தால் நடுங்கினர். நோயாளரை அதிகாரிகள் பிரித்துக் கொண்டுபோவர் என்று அஞ்சி அவர்களை உள்ளறைகளில் மறைத்தனர். ஊசி போடவும் உடன்படவில்லை. ஒரு வீட்டில் நோய் கண்டால் அடுத்த வீட்டார் கதவை அடைத்துக்கொள்ளும் காலம் அது. எனினும், அந்நாளிலும் நோயுற்றவரின் திண்ணையில் கஞ்சிக் கலயத்தையும் நீர்க்குடத்தையும் வைத்து வந்த நல்லோர் நம் ஊர்களில் இல்லாமல் போகவில்லை.

பிளேக்கையும் வாந்திபேதியையும் தொழுநோயையும் எதிர்த்துப் போராடியோருள் ஐடா அம்மையார் ஒருவர். ஆடவராகிய அதிகாரிகள் நுழைய இயலாத அந்தப்புரங்களிலும் பெண் மருத்துவர் நுழையலாம் அன்றோ? தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தலும், தானியத்தை எலி அணுகாது மூடி வைத்தலும் போன்ற சிறு செயல்கள் ஓர் உயிரைக் காக்க வல்லன. அவற்றைச் செய்வோரோ வீட்டுப் பெண்களே. ஆகவே, அவர்களிடம் நேரிற் சென்று பேசக்கூடிய ஒருவரின் சொல், அரசின் ஆணையினும் ஆற்றல் வாய்ந்ததாய் இருந்தது.

மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூர் மக்களை அவரே தேடிச் சென்றார். குடியாத்தம் செல்லும் சாலையில் மரநிழல்தோறும் நின்று மருந்தளித்தார். 1909இல் அவருக்கு ஒரு மோட்டார் வண்டி கிடைத்தது. அதனை முன்பு கண்டிராத சிற்றூரார், பேய் வருகிறது என்று எண்ணி ஓடினராம்! நாளடைவில் அந்த வண்டியின் வரவை எதிர்நோக்கிச் சாலையோரத்தில் காத்திருக்கலாயினர். பிறர் அருகிற் செல்லவும் கூசிய தொழுநோயாளரின் புண்களும் அங்கே கழுவிக் கட்டப்பெற்றன.

ஒருவர் எத்துணை விரைந்து ஓடினும் எத்தனை வீடுகளுக்குச் செல்ல இயலும்? இந்நாட்டுப் பெண்களே மருத்துவராக வேண்டும் என்று அவர் கருதினார். 1909இல் செவிலியர் பள்ளியும், 1918 ஆகஸ்டுத் திங்களில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். மூவர் விண்ணப்பித்தாலே பெரிது என்று பிறர் கருத, 151 பேர் விண்ணப்பித்தனர்! அவ்வாண்டிலேயே உலகை வருத்திய நச்சுக்காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களை மாய்த்தது. 1911 முதல் 1921 வரையுள்ள பத்தாண்டுகளில் நாட்டின் மக்கள்தொகையே குறைந்தது. பெண் மருத்துவர் வேண்டும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? முதற்குழுவினருள் 14 பேர் 1922இல் மருத்துவராயினர்.

1928இல் காந்தியடிகள் அப்பள்ளிக்கு வருகை தந்தார். அதுவே பின்னர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரியாக உயர்ந்து, ஆடவரையும் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பொருள் திரட்டும்பொருட்டு அம்மையார் பன்முறை கடல் கடந்தார்.

1946இல் பொறுப்பினின்று நீங்கியபின், கொடைக்கானலில் தமக்கிருந்த மலைவீட்டில் அவர் வாழ்ந்தார். மோட்டார்ச் சாலை அமையுமுன், அடிவாரத்திலிருந்து நடந்தோ குதிரையிலோ டோலியிலோதான் அவ்வூரை அடைய முடியும். கோடையின் வெம்மையால் களைத்தோர் அம்மலையேறி நலம் பெற்றுத் திரும்புவது வழக்கம். அம்மையாருக்கோ ஓய்வு என்றால் சோம்பியிருத்தல் அன்று. அறுபது வயதைக் கடந்தும் டென்னிஸ் ஆடியவர் அவர்! தோட்டம் வளர்ப்பதிலும் அவருக்கு விருப்பம் மிகுதி. ஊரும் தெருவும் குறியாது, அவர் பெயரையும் இந்தியா என்பதையும் மட்டும் எழுதிய கடிதமும் அவரை வந்தடைந்ததாம்.

1960 மே மாதத்தில், 89ஆம் வயதில், அம்மலைவீட்டிலேயே அவர் காலமானார். 40 படுக்கைகளுடன் அவர் தொடங்கிய ஷெல் மருத்துவமனை பின்னாளில் கண் மருத்துவமனையாக மாறியது.